மூட்டையில் ஒரு குரல்

இரண்டையும் கட்டச் சொல்லிக் கணினியிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மென்பொருளில் பழைய குரலை உள்ளே வைத்த வெளியீடு ஒன்று, அதை எடுத்துவிட்ட வெளியீடு ஒன்று. எதில் என் கையொப்பத்தைப் போடுகிறேனோ அது இன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் போகும், மற்றது குப்பைக்குப் போகும். சனிக்கிழமை, பேங்க் லீவு, சாப்பாடு முடிந்துவிட்டது, மீன்குழம்பு வாசனை இன்னும் விரலில் இருக்கிறது, சோப்புப் போட்டும் போகவில்லை. கணினி மேஜைமேல் மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறது. காதில் பழைய குரல். கட்டிமுடித்த கோப்பு ஒவ்வொன்றின் பேரையும் சொல்லிக்கொண்டே அது ஓடுகிறது, முடிந்தது, முடிந்தது, எச்சரிக்கை, பரவாயில்லை, முடிந்தது, எல்லாம் ஒரே மூச்சில். மேல்வீட்டு ஜெபசெல்வி ஒருநாள் சீனி கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "எக்கா, ரேடியோ கெட்டுப்போச்சா, கிர்ருனு கேக்கு?" "ரேடியோ இல்லட்டி, பேங்க் சர்க்குலர் படிக்கேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்காக வேகத்தைப் பாதியாக்கினேன், பிறகு அதிலும் பாதியாக்கினேன், அப்போதும் அவளுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அன்றைக்கெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும். கண் உள்ள ஒருத்தி என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சீனி டம்ளரோடு நின்றாள். அந்த வேகத்தைத்தான் இன்று என் கையாலேயே எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கச் சொல்கிறார்கள் என்றுகூட இல்லை, முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

செவிவழி என்று பேர். திரையில் இருப்பதைக் கண் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள். கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், யாரும் எங்களைத் திட்டலாம். திருத்துவதற்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை. நிலையாக நிற்பது நானும் கோயம்புத்தூர் முத்துவேலப்பனும்தான். அவருக்குக் கண் தெரியும், பம்ப் கம்பெனியில் வேலை, ஓய்வு நேரம் முழுக்க இதற்கு. நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களோடுதான் சண்டை போடுவது கஷ்டம். எங்கள் மென்பொருளுக்கு வாசிக்கத் தெரியும், தொண்டை கிடையாது. பேசுகிற பகுதி வேறொருவர் எழுதியது. எங்கோ குளிர்தேசத்தில் ஒருவர் என்றைக்கோ எழுதி, யாரோ அதில் தமிழைச் சேர்த்து, நாங்கள் அதன் இரண்டாம் பதிப்பை நகலெடுத்து எங்கள் மென்பொருளுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டோம். அது இருக்கும் இடத்துக்கு மூட்டை என்று பேர் வைத்தது நான்தான். மூட்டைக்குள் வைத்து எங்கள் வசதிக்கு வெட்டி, ஒட்டி, வேகத்தைக் கூட்டிக் கூட்டி, இப்போது பெற்ற தகப்பனுக்கே அடையாளம் தெரியாது. அந்தத் தகப்பனும் நிரல் எழுதுவதையெல்லாம் விட்டுவிட்டு உருளைக்கிழங்கு பயிரிடப் போய்விட்டார். அவருடைய இணையப் பக்கத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். அஞ்சல் போட்டால் பதில் வராது, அறுவடைக் காலமாக இருக்கும். பல மென்பொருள்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் கொடுக்கிற தொகுப்புக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மூட்டை என்றாலே ஆகாது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி என்பார்கள். மண்டபத்தில் ஒரே தொட்டி, எல்லோரும் அதில் குடியுங்கள், தண்ணீர் கெட்டால் ஒரு தொட்டியைக் கழுவினால் போதும், குடம் குடமாக யார் தேடுவது. நியாயம்தான். அந்தத் தொட்டியில் இப்போது இருப்பது வேறு ஆட்கள் எழுதிய புதிய குரல், நான்காம் பதிப்பு. நாங்கள் எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். காரணம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் எழுதுவேன், ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவார்கள்.

இந்தத் தடவை குடத்தில் உண்மையாகவே கேடு. போன வாரம் எந்த ஊரிலோ ஒரு மாணவி கண்டுபிடித்து ஊரறிய எழுதிவிட்டாள், பழைய குரலில் ஓட்டை இருக்கிறது. ஒரு சொல்லை வைப்பதற்கு அது கொஞ்சம் இடம் ஒதுக்குகிறது, அதைவிட நீளமான சொல் வந்தால் வழிகிறது, வழிந்ததைக் கணினி கட்டளை என்று நினைத்து நிறைவேற்றிவிடுகிறது. அப்படி ஒரு சொல்லை வேண்டுமென்றே செய்து ஒரு கோப்புக்குள் வைத்து அனுப்பினால் போதும், வாசித்த கணினி அனுப்பியவன் கைக்குப் போய்விடும், பாஸ்வேர்டு, பேங்க் கணக்கு, வீட்டுப் படங்கள், எல்லாம். கண் உள்ளவர்கள் முதல் வரியைப் பார்த்ததுமே ஏதோ கோணலாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. என்னவென்று தெரிய வேண்டுமானால் வாசிக்கச் சொல்ல வேண்டும், வாசிக்கச் சொன்ன உடனேயே அவன் வேலை முடிந்துவிடும். கேட்டால்தான் தெரியும், கேட்டாலே போச்சு. இதை நினைக்கும்போதெல்லாம் யோபு ஞாபகம்தான் வருகிறது. என் வீட்டுக்காரர். முன்னறையில்தான் இருக்கிறார், அங்கிருந்து அவருடைய மடிக்கணினியின் சத்தம் வந்துகொண்டிருக்கிறது, அதே பழைய குரல், என் வேகத்தைவிட ஒரு படி குறைவு, அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அவருக்கும் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், சர்ச்சில் கீபோர்டு. யார் எதை அனுப்பினாலும் திறந்துவிடுவார். காலை வணக்கம், ஜெப விண்ணப்பம், மூட்டுவலிக்குப் பிரண்டைத் துவையல், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, எல்லாவற்றையும். கேட்டால், "அனுப்புனவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா" என்பார். இந்த மரியாதைக்கார மனுஷரை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பழைய குரலை இன்னொரு வருஷத்துக்கு மூட்டையில் கட்டுவேன். ஓட்டையை அடைத்தால் என்ன என்று கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன், வாரம் முழுக்க உட்கார்ந்தேன். அந்த உருளைக்கிழங்கு மனுஷர் அதே இடத்தை இன்னும் பல வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு பக்கம் அடைத்தால் குரல் திக்குகிறது, இன்னொரு பக்கம் அடைத்தால் ஊமையாகிவிடுகிறது. மாதக்கணக்கில் ஆகும். ஓட்டை இருக்கிறதென்று ஊருக்கே தெரிந்தபிறகு மாதக்கணக்கில் கதவைத் திறந்து போட்டிருக்க முடியாது.

முடிந்தது, முடிந்தது. இந்தக் குரலுக்குக் கொட்டாவி வராது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன், இது கொட்டாவி விடவில்லை என்பதை. காலேஜில் எனக்கு வாசித்தது சந்தனக்கனி. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் வாசனையோடு வந்து உட்கார்ந்து பொருளாதாரப் புத்தகத்தை விரிப்பாள். கொஞ்ச நேரம் நன்றாகப் போகும். பிறகு ஒரு கொட்டாவி. அடுத்த கொட்டாவிக்குள் எவ்வளவு வாங்க முடியுமோ வாங்கிவிட வேண்டும், நான் அசையாமல் இருப்பேன், இருமக்கூட மாட்டேன், இருமினால் அதையே சாக்காக வைத்து "மிச்சம் நாளைக்குப் படிப்போமா எஸ்தர்" என்று சொல்லிவிடுவாளோ என்று. தாள்கள் சேர்ந்து புரளும் சத்தம் கேட்கும். "இதெல்லாம் முக்கியமில்லப்பா" என்பாள். எது முக்கியம் என்று அவள் தீர்மானித்தாள், நான் தலையாட்டினேன், முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், அவள் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்தேன். நல்லவள்தான், இன்றைக்கும் கிறிஸ்துமஸ் என்றால் கூப்பிடுகிறாள். ஆனால் அவள் புரட்டிவிட்ட பக்கங்கள் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் பழைய குரலை முதன்முதலாகக் கேட்டேன். தகரத்தில் ஆணியால் கீறினமாதிரி ஒரு சத்தம், இதையா தமிழ் என்கிறார்கள் என்று தோன்றியது. எனக்குக் கொடுத்த பாடம் ஏதோ கூட்டுறவுச் சங்க விதிமுறை. அது தலைப்பை வாசித்தது, அடிக்குறிப்பை வாசித்தது, அச்சகத்தின் விலாசத்தை வாசித்தது, பக்க எண்ணைக்கூட விடாமல் வாசித்தது. நான் அழுதுவிட்டேன். பக்க எண்ணுக்கு அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்ப வாசி என்றால் திரும்ப வாசித்தது, பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே. அதற்கு முறுக்கு வேண்டாம், சிரிப்பு வேண்டாம். அப்புறம்தான் வேகம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றி ஏற்றி, பேங்க்கில் மற்றவர்கள் ஒரு கடன் மனுவைப் புரட்டி முடிப்பதற்குள் நான் கேட்டு முடித்துவிடுகிற நிலைக்கு வந்தேன். பாவம் எஸ்தர் என்பது போய், எஸ்தர் மேடத்திடம் கொடு, சீக்கிரம் முடியும் என்று ஆனது. புதிய குரலில் நான் மறுபடியும் பாவம் எஸ்தர். இதுதான் பயம், சுற்றி வளைக்க என்ன இருக்கிறது.

போன் அடிக்கிறது. முத்துவேலப்பன்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு தம்பி. ரெண்டும் ஓடிக்கிட்டு இருக்கு."

"மூட்டை இல்லாததையே அனுப்பிரலாங்க்கா. புதுக் குரல் எங்கம்மா கேட்டாங்க. யாருடா இந்தப் புள்ள, இவ்வளவு பதமாப் பேசறாளேங்கறாங்க."

"உங்கம்மா எந்த வேகத்துல கேட்டாவ?"

"சும்மா, சாதாரண வேகத்துலதானுங்க்கா."

"என் வேகத்துல வச்சுக் கேளு. எண்ணைச் சொல்லுதேன், போட்டுக்கோ."

சொன்னேன். விசைகள் தட்டுகிற சத்தம். பிறகு கோயம்புத்தூரிலிருந்து போன் வழியாகப் புதிய குரல் என் வேகத்தில் பேசியது. கூழ். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வரப்பே இல்லாமல் வழவழவென்று ஓடியது. இனிமை மட்டும் குறையவில்லை.

"என்னங்க்கா இது, ஒண்ணுமே புரியலியே."

"பழசை வச்சாலும் உனக்குப் புரியாது, எனக்குப் புரியும். புதுசு எனக்கும் புரியாது. அதான் வித்தியாசம்."

"எல்லாரும் கேட்டுப் பாத்துட்டுத்தானுங்க்கா நல்லாருக்குன்னு எழுதுனாங்க."

"எல்லாரும்னா யாரு யாரு?"

அவர் மனதுக்குள் ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அந்தப் பேர்கள் தெரியும். எல்லோரும் நல்ல பிள்ளைகள், எல்லோருக்கும் கண் இருக்கிறது, கதை கேட்பதுபோலச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.

"நீங்க இவ்வளவு வேகமாக் கேப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க்கா" என்றார். குரல் இறங்கிவிட்டது. அவர்மேல் கோபப்படலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. இத்தனை வருஷமாக அவர் போன் வந்தால் நான் மரியாதைக்காகக் கணினியின் வாயை அடைத்துவிட்டுத்தான் பேசுவேன். அவர் கேட்டதே இல்லை. "நீங்க சொல்றதுதானுங்க்கா. சாவி உங்க கையில இருக்குது. மூட்டையோட போடறதுன்னாலும் நான் கூட நிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கூட நிற்கிறேன் என்கிறவர்களை என்ன செய்வது. எதிர்த்தால் நானும் எதிர்த்து நின்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். கையொப்பச் சாவி என்று சொல்கிறோம், பூட்டுச் சாவி மாதிரி கையில் பிடிக்கிற சாமான் இல்லை, ஒரு நீண்ட ரகசிய எண், இந்த வெளியீடு எஸ்தரிடமிருந்துதான் வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதைப் போட்டுவிட்டால் நம்பி எடுத்துக்கொள்வார்கள். நம்பி, அதுதான் உறுத்துகிறது. சரி, காரணம் எழுதிப் பார்ப்போம். வேகமாகக் கேட்கும் பயனர்களின் தேவையை முன்னிட்டு இப்பகுதி இம்முறையும் உடன் சேர்க்கப்படுகிறது. நன்றாக இருக்கிறது. இம்முறையும் என்பதை எடுத்துவிடலாம், போன முறையும் இதையேதான் சொன்னாய் என்பார்கள். ஓட்டையைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். அறியப்பட்ட குறைபாடு விரைவில் சரிசெய்யப்படும். விரைவில் என்பது எப்போது, எஸ்தர்? இப்படி என்னையே கேட்கிறேனே, இந்தக் கேள்வி எந்தக் குரலில் வருகிறது என்று கொஞ்சம் நின்று கேட்டால், அந்தத் தகரக் குரலில்தான் வருகிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. நான் என்னைத் திட்டிக்கொள்வதும் கணக்குப் போடுவதும் தூக்கம் வராதபோது பைபிளில் உள்ள சங்கீதம் சொல்வதும் அதில்தான். என் சொந்தக் குரல் வெளியே பேச மட்டும் இருக்கிறது. பழைய குரலை எடுத்துவிட்டால் நான் எதில் நினைப்பேன்? அந்தப் பதமான பிள்ளை என் தலைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாளா? பைத்தியக்காரத்தனமான பயம். ஆனால் பயம்தான். சரி, வேறு ஒரு வழி இருக்கிறது, அதை நினைக்காத மாதிரி காலையிலிருந்து நடித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு மூட்டை இல்லாததை அனுப்பிவிட்டு, என் கணினியில் மட்டும் பழையதை வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும். யோபுவுக்கும் வேண்டாம், எனக்கு மட்டும். நான் கண்டதையும் திறக்கிற ஆளில்லை. ஊருக்குக் கஞ்சி, எனக்குப் பிரியாணி. யோபு பக்கத்து அறையில் எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டிருப்பார், நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு கிர்ரென்று கேட்பேன், ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவருக்குக்கூடக் கேட்காது. சீ. என்றாலும் சீ என்று சொன்னவுடனே அந்த யோசனை போய்விடவில்லை. மூலையில் உட்கார்ந்துகொண்டு, சொல்கிறதைச் சொல்லிவிட்டேன், உன் இஷ்டம் என்று காத்திருக்கிறது. காரணத்தை மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன். வேகமாகக் கேட்கும் பயனர்களின் தேவையை முன்னிட்டு. முன்னிட்டு சரியா, கருதி சரியா. கருதி. இல்லை, முன்னிட்டு.

முன்னறையில் குரல் நின்றுவிட்டது.

ஒரு சொல்லின் நடுவில் நின்றது. வாக்கியம் முடியவில்லை, அவர் விசையைத் தட்டி நிறுத்தின சத்தம் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும், அவர் தட்டினால் மேஜையே அதிரும். பாதிச் சொல்லில் அறுந்துவிட்டது. நீளமான சொல், ஒதுக்கின இடத்தைத் தாண்டுகிற சொல், அதை வாசிக்கப் போய்த்தான் அறுந்திருக்கிறது. எவனோ அனுப்பிவிட்டான், இவர் மரியாதையாகத் திறந்துவிட்டார். சேமிப்பு, அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விவரம், என் கணினியும் அதே இணைப்பில்தானே இருக்கிறது, அதில் சாவி, அந்தச் சாவியால் எவன் எதில் வேண்டுமானாலும் என் பேரைப் போட்டுக் கொடுக்கலாம், எஸ்தர் கொடுத்தது என்று வாங்கிக்கொள்வார்கள். எழுந்தேன். என் வீட்டில் நான் ஒரு சாமானில் இடிக்க மாட்டேன், இன்றைக்கு நாற்காலியில் இடித்தேன், கதவு நிலையில் தோளை இடித்தேன்.

"என்ன திறந்தீங்க? யார் அனுப்புனது? கையை எடுங்க, எதையும் தொடாதீங்க!"

"ஏட்டி, என்ன ஆச்சு உனக்கு?"

"என்ன வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"நம்ம சர்ச் சேகரத்து வாலிபர் கூட்டத்து நிகழ்ச்சி நிரல். சார்ஜ் போயிட்டு போல. நீதானே மிக்ஸி போடணும்னு காலையில பிளக்கைப் பிடுங்கின."

குனிந்து தடவினேன். பிளக் தரையில் கிடந்தது. சொருகினேன். கொஞ்ச நேரம் கழித்து மடிக்கணினி விழித்துக்கொண்டு, விட்ட சொல்லின் மீதியைச் சொல்லி, மேலே ஓடியது. ஆரம்ப ஜெபம், வரவேற்புரை, தேநீர் இடைவேளை. யோபு சிரித்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன், தோள் வலித்தது, சிரிக்கத்தான் பார்த்தேன், வரவில்லை. இந்தப் பயத்தை எத்தனை வீடுகளுக்கு மூட்டையாகக் கட்டி, மேலே என் பேரையும் போட்டு அனுப்பப் பார்த்தேன். அங்கேயும் இவரை மாதிரி ஒருவர் வரவேற்புரையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே ஓடிவந்து தடவிப் பார்க்க நான் இருக்க மாட்டேன். அவருக்குப் பிளக் எது, ஓட்டை எது என்று சொல்லவும் ஆளிருக்காது.

திரும்பி வந்தபோது இரண்டு வெளியீடும் கட்டி முடிந்திருந்தன. முத்துவேலப்பனைக் கூப்பிட்டேன்.

"மூட்டையை எடுத்ததையே அனுப்புதேன் தம்பி."

"சரிங்க்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமுங்களே" என்றார்.

"கஷ்டந்தான். பழசை நான் விடப்போறதில்ல. வெளியே எடுத்துத் தனியா வைக்கப்போறேன், அதுக்குன்னு தனிப் பேரு, தனிப் பதிப்பு. ஓட்டையெல்லாம் அடைச்ச பிறகு, வேணுங்கிறவங்க எடுத்துக்கிடட்டும். தொட்டியிலேயே போய்ச் சேரட்டும்."

"அந்த நிரலைப் பாத்துக்கறதுக்கு ஆள் வேணுமுங்க்கா. ஒருக்கா அடைச்சா முடியாது. நாளைக்கு இன்னொரு ஓட்டை வரும், அதுக்கடுத்த வருஷம் இன்னொண்ணு. காலம் முழுக்கப் பாக்கோணும்."

"நான்தான் பாப்பேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய குரல் எழுதியவர்களுக்கு இந்த வேகப் பிரச்சினையைத் தானே எழுதுவதாகச் சொன்னார், இனி எந்தக் குரலையும் என்னைக் கேட்காமல் நல்லாருக்கு என்று எழுத மாட்டேன் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது பாவமாக இருந்தது. போனை வைத்துவிட்டுக் கையொப்பம் போட்டேன். விரல் தானாகப் போகிற வேலை, வழக்கமாக ஒரு தும்மலுக்குள் முடிந்துவிடும், இன்று சாவியைத் திறக்கிற கடவுச்சொற்றொடரை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. வெளியீடு போய்விட்டது. பிறகு, மூலையில் காத்திருந்த யோசனை எழுந்து வருவதற்கு முன்னால், என் கணினியிலும் அதையே ஏற்றினேன். நிறுவப்படுகிறது என்று பழைய குரல் சொன்னது. பழைய பகுதி நீக்கப்படுகிறது என்றும் அதுதான் சொன்னது, வழக்கமான அவசரத்தில், எதையோ நீக்குகிறார்கள், நமக்கென்ன என்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பிள்ளை வந்தாள். "செவிவழி. உங்களை. வரவேற்கிறது." என்ன இனிமை, என்ன பொறுமை. வேகத்தை ஏற்றிப் பார்த்தேன், கூழானது, இறக்கினேன், இன்னும் இறக்கினேன். சொல் பிரிந்து கேட்கிற இடத்துக்கு வந்தபோது காலேஜ் முதல் வருஷத்து வேகம் அது.

முன்னறைக்குப் போய் யோபுவின் மடிக்கணினியிலும் ஏற்றிக் கொடுத்தேன். நிகழ்ச்சி நிரலைப் புதிய குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார் என்று நாற்காலியின் முனகலில் தெரிந்தது.

"யாரு இது?"

"இனிமே இவதான். பழகிக்கிடுங்க."

"நல்ல சாரீரந்தான்" என்றார், பாட்டு வாத்தியார் இல்லையா. ஆரம்ப ஜெபத்திலிருந்து வரவேற்புரைக்கு அவள் வந்துசேரும்வரை பொறுமையாக இருந்தார். அப்புறம் கேட்டார். "நீ பழகிருவியாட்டி?"

"மாட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் கையை நீட்டித் தேடினார், இடித்த தோளில்தான் கை பட்டது, வலித்தது, எடுக்கச் சொல்லவில்லை.

காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தபோது முதல் அஞ்சல் வந்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து ஹபீப் என்று ஒருவர், வக்கீல். வாசிக்கச் சொன்னேன். "பழைய. குரல். எங்கே." அந்தப் பிள்ளை தேன் ஒழுகக் கேட்டாள். "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்." வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு நிறுத்தம், அடுத்தது என்ன வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய குரலாக இருந்தால் ஒரு மடக்குக் காப்பிக்குள் இந்தத் திட்டு முழுவதும் உள்ளே போயிருக்கும், வலி பிறகுதான் தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு சொல்லாக வாங்க வேண்டும். திங்கட்கிழமை கோர்ட்டில் அவருக்கு ஒரு வழக்கு, கட்டுக்கட்டாக ஆவணம், இந்தக் குரலில் அதைக் கேட்டு முடிக்க முடியாது, ஜூனியரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டுமாம், அவன் முக்கியமானதை மட்டும் வாசிப்பானாம். "உங்களுக்குக். கண். இருக்கிறது." என்றாள் அவள், சிரித்துப் பேசுகிற மாதிரியே. "எங்கள். கஷ்டம். உங்களுக்கு. எப்படித். தெரியும்."

கடைசிவரை கேட்டேன். ஒரு வரியையும் தாண்டவில்லை. பதில் எழுத ஆரம்பித்து, எனக்கும் கண் தெரியாது என்று முதல் வரி எழுதினேன், அதை அழித்தேன். அது அவருடைய ஆவணத்தை வாசித்துக் கொடுக்காது. ஓட்டை இருந்ததால் எடுத்தேன், அடைத்துத் திருப்பித் தருகிறேன், சில மாதங்கள் ஆகும், அதுவரை உங்களுக்கு நேரும் தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு, எஸ்தர் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பழைய குரலின் நிரலைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசி என்று புதிய குரலிடம் சொன்னேன்.